துருவை மட்டும் பிடித்து எடுக்கும் ஒளி

என் அப்பா பயன்படுத்திய கித்தா (ரப்பர்) ரோலர் ஒன்று எங்கள் வீட்டுப் பின்புறம் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. தோட்டத்து வேலை போக, மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊருக்கு வெளியே அவருக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் கித்தா இருந்தது. காலையில் வெட்டிய பாலைத் தண்ணீர் கலந்து தட்டில் ஊற்றி, பார்மிக் அமிலம் விட்டு உறைய வைப்பார். உறைந்த பாலை முதலில் வழுவழுப்பான ரோலரில் நாலைந்து தடவை விட்டு மெலிதாக்குவார். கடைசியாக வரி போடும் ரோலரில் ஒரு தடவை. அந்த வரிகள் இருந்தால்தான் ஷீட் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீக்கிரம் காயும். வழுவழுப்பான ரோலரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். மிஞ்சியது வரி ரோலர் மட்டும்.

வார்ப்பிரும்பு, தினமும் அமிலம், தினமும் தண்ணீர், அதற்குப் பிறகு இருபது வருட மழை. சாய்வாக ஓடும் பள்ளங்கள் எல்லாம் துருவால் நிரம்பி, வரி எது மேடு எது என்று தெரியாமல் போயிருந்தது. கம்பி பிரஷால் தேய்த்துப் பார்த்தேன். மேட்டில் மட்டும் பளபளப்பு வந்தது, பள்ளத்துக்குள் பிரஷ் போகவில்லை. கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்த்தால் வரியின் விளிம்பு மழுங்கிவிடும். மணல் வீசித் துடைக்கலாம் என்றார்கள், அதிலும் அதே பயம். அமிலத்தில் ஊறப்போடச் சொன்னவர்களும் உண்டு. அமிலத்தாலேயே கெட்ட இரும்பை மறுபடி அமிலத்தில் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் ஈப்போ போகும் சாலையில் இருக்கும் ஒரு பட்டறையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லோரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை. அதை நடத்தும் தம்பி, துரு எடுக்கும் லேசர் மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். ரோலரை ஏற்றிக்கொண்டு போனேன். அன்று மதியம் அங்கே பார்த்ததையும், அதைப் புரிந்துகொள்ள அப்புறம் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். லேசர் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பது என் ஆசை.

முதலில் துரு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். இரும்பும், காற்றில் உள்ள ஆக்சிஜனும், ஈரமும் சேர்ந்து உண்டாகும் புதுப் பொருள் அது. அழுக்கு மாதிரி வெளியிலிருந்து வந்து ஒட்டியது கிடையாது, இரும்பே மாறிப்போனதுதான். மாறும்போது அது பல மடங்கு உப்பிவிடுகிறது. உப்பிய பொருள் பழைய இடத்தில் அடங்காது, அதனால் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து நிற்கும். அந்த இடுக்குகள் வழியாக ஈரம் இன்னும் உள்ளே போகும். அலுமினியத்திலும் ஆக்சைடு உண்டாகிறது, ஆனால் அது இறுக்கமான மெல்லிய போர்வையாக இருந்து உள்ளே உள்ளதைக் காப்பாற்றும். துரு அப்படிக் காப்பாற்றுவதில்லை. அதனால்தான் அதை முழுதாக எடுக்காமல் மேலே சாயம் பூசினால் ஒரு வருடத்தில் சாயம் கொப்புளம் கட்டி உரிகிறது.

இப்போது லேசருக்கு வருவோம். பல்பிலிருந்து வரும் ஒளி எல்லாத் திசைக்கும் சிதறும், அதில் பல நிறங்கள் கலந்திருக்கும். லேசரில் ஒரே நிறம், ஒரே திசை, அலைகள் எல்லாம் ஒரே தாளத்தில். அதனால் அதை ஒரு லென்ஸ் வைத்து முடி அகலத்துள்ள ஒரு புள்ளிக்குள் குவித்துவிட முடியும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துச் சருகு எரித்திருப்போமே, அதன் பல ஆயிரம் மடங்கு கூரான வடிவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘சூடு வைத்து எரிக்கிறது’ என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரிந்த மாதிரி. சூடு என்றால் துருவோடு சேர்ந்து இரும்பும்தானே வேகும்? ஏன் துரு மட்டும் போகிறது? எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. இதைப் புரியவைக்க ஒரு பழைய பலூன் வித்தை இருக்கிறது.

முதல் லேசரை 1960இல் தியோடர் மைமன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இயக்கிக் காட்டினார். மாணிக்கக் கல்லிலிருந்து வந்த சிவப்பு ஒளி அது. லேசருக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஆர்தர் ஷாலோ, பின்னால் 1981இல் நோபல் பரிசு பெற்றவர், கூட்டத்துக்கு முன்னால் ஒரு வித்தை காட்டுவார். ஒளி ஊடுருவும் ஒரு பெரிய பலூன். அதற்குள்ளே கருநீல நிறத்தில் இன்னொரு பலூன், எலி வடிவத்தில். சிவப்பு லேசரை ஒரு தடவை பாய்ச்சுவார். உள்ளே இருக்கும் நீல பலூன் டப்பென்று வெடிக்கும். வெளிப் பலூன் அப்படியே நிற்கும்! தெளிவான ரப்பர் அந்த ஒளியைத் தன் வழியே போகவிட்டது, நீல ரப்பர் அதை விழுங்கியது. விழுங்கியதுதான் சூடாகும், விடுத்தது சூடாகாது.

துரு எடுப்பதிலும் இதே சங்கதிதான். கரடுமுரடாகவும் நுண்துளைகளோடும் இருக்கும் துரு, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைக் குடித்துவிடுகிறது. சுத்தமான, பளபளப்பான இரும்பு பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. இரும்பு சூட்டைக் கடத்தும் பொருள். தான் வாங்கிக்கொண்ட கொஞ்சச் சூட்டையும் உள்ளே பரப்பிவிடும். துருவுக்கு அந்த வசதி இல்லை, சூடு வந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆகவே துரு ஆவியாகிப் பறக்கப் போதுமான அளவு ஒன்று இருக்கிறது, இரும்பைக் காயப்படுத்தத் தேவைப்படும் அளவு அதைவிட நன்றாக மேலே இருக்கிறது. மெஷினை இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவில் வைத்துக்கொள்வதுதான் வித்தை முழுவதும். துரு போய் வெள்ளை இரும்பு தெரிந்த இடத்தில் ஒளி பட்டாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. வேலை தானாகவே நின்றுவிடும்.

ஷாலோ இதே கருத்தை வைத்து 1960களில் ஒரு அழிப்பானும் செய்து காட்டினார். தட்டச்சில் தப்பாக விழுந்த எழுத்தின்மேல் லேசரைப் பாய்ச்சினால் கறுப்பு மை ஆவியாகிப் போகும், வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சேதம் இல்லாமல் இருக்கும். 1970களில் ஜான் ஆஸ்மஸ் என்ற அமெரிக்கர் வெனிஸ் நகரத்தில் கறுத்துப்போன கல் சிற்பங்கள்மேல் மாணிக்க லேசரை வைத்துப் பார்த்தார். கல் அப்படியே இருக்க, மேலே படிந்த கரி மட்டும் உரிந்து வந்தது. இன்று பட்டறையில் துரு எடுப்பதற்கு முன்னோடி அதுதான் என்று சொல்லலாம்.

சரி, தம்பியின் பட்டறைக்குத் திரும்புவோம். அவருடைய மெஷின் ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருந்தது. அதிலிருந்து ஒரு கேபிள், கேபிளின் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி. ஒளி உண்டாவது பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி இழையில். இட்டர்பியம் என்ற உலோகம் கலந்த இழை அது. வரும் ஒளியின் அலைநீளம் சுமார் 1064 நானோமீட்டர். மனிதக் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 400 முதல் 700 வரைதான், அதனால் இந்த ஒளியை நம்மால் பார்க்கவே முடியாது. கைப்பிடிக்குள் ஒளியைத் திருப்பிவிடும் ஒரு சின்னக் கண்ணாடி வேகமாக ஆடி, ஒளிப் புள்ளியை இப்படியும் அப்படியும் இழுத்து ஒரு கோடாக்குகிறது. அந்தக் கோட்டைத்தான் இரும்பின்மேல் மெதுவாக நகர்த்துகிறோம்.

அது 100 வாட் மெஷின். “நூறு வாட்தானா? எங்கள் பழைய பல்பே நூறு வாட்டாச்சே” என்று கேட்டேன். “மொத்தமா பாத்தா அவ்வளவுதாண்ணே, ஆனா துண்டு துண்டா வருது” என்றார். அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒளி தொடர்ந்து வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. வினாடிக்கு நூறாயிரம் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் நீடிப்பது சுமார் 100 நானோவினாடி, அதாவது ஒரு வினாடியைப் பத்து மில்லியன் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. கூட்டிப் பார்த்தால் ஒரு வினாடியில் ஒளி எரிவது நூற்றில் ஒரு பங்கு நேரம்தான், மீதி எல்லாம் இருட்டு. நூறு வாட் முழுவதும் அந்தச் சின்ன நேரத்துக்குள் திணிக்கப்படுவதால், ஒளி வரும் அந்தக் கணத்தில் அதன் வலிமை 10,000 வாட். அது விழுவதோ முடி அகலப் புள்ளியில்.

அவ்வளவு குறுகிய நேரத்தில் சூடு இரும்புக்குள் சில மைக்ரான் ஆழத்துக்கு மேல் இறங்க முடியாது. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலே இருக்கும் துரு ஆவியாகிச் சட்டென்று விரிந்து வெடித்துக் கிளம்பும். அந்தக் குட்டி வெடிப்பு பக்கத்தில் இருக்கும் பொருக்கையும் உதறிவிடும். நூறாயிரம் குட்டி வெடிப்புகள் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் அந்தக் கீச்சென்ற பொரியும் சத்தம்.

இதில் வாங்கப்போகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. சந்தையில் இரண்டு வகை மெஷின் இருக்கிறது. ஒன்று மேலே சொன்ன துடிப்பு வகை. இன்னொன்று தொடர்ந்து ஒளி விடும் வகை, 1000, 1500, 2000 வாட் என்று பெரிய எண்ணோடு விற்பார்கள். எண் பெரியது என்பதால் சிறந்தது என்று நினைக்கவேண்டாம். இது வேகமாகத் துரு எடுக்கும், ஒரு வாட்டுக்கு ஆகும் விலையும் குறைவு. ஆனால் சூடு நிற்க இடைவெளி இல்லாததால் உலோகத்துக்குள் இறங்கும். மெல்லிய தகடு நெளியும், மேற்பரப்பு நீலமாகவோ கறுப்பாகவோ மாறும். கனமான சட்டம், பாலத்துக் கம்பி என்றால் பரவாயில்லை. கார் கதவு, பழைய கருவி, அச்சு இவற்றுக்குத் துடிப்பு வகைதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

ரோலருக்கு வருவோம். தம்பி நேராக லேசரை எடுக்கவில்லை. முதலில் சுத்தியலாலும் உளியாலும் தளர்ந்த பொருக்கை எல்லாம் தட்டி உதிர்த்தார். லேசர் ஒரு தடவை போகும்போது எடுப்பது மெல்லிய அடுக்குதான், இரண்டு மில்லிமீட்டர் பொருக்கை அதைக் கொண்டு எடுப்பது நேர விரயம். அப்புறம் ரோலரைத் தாங்கியில் வைத்து, ஒரு கையால் மெதுவாக உருட்டிக்கொண்டே இன்னொரு கையில் கைப்பிடியைப் பிடித்தார். இரும்புக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு சாண். அந்தத் தூரத்தில்தான் ஒளி குவியும். கொஞ்சம் கிட்டே வந்தாலும் தள்ளிப் போனாலும் கோடு மங்கி, துரு போகாது.

நான் பாதுகாப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செம்பழுப்பு நிறத்துக்குள் ஒரு வெளிச்சக் கோடு ஊர்ந்தது. அது போன பின்னால் முதலில் கருஞ்சாம்பல். இரண்டாம் தடவை போனபோது வெளிர்சாம்பல். மூன்றாம் தடவையில் பள்ளத்தின் அடித்தளம் தெரிந்தது, அப்பா தினமும் கழுவித் துடைத்த காலத்தில் இருந்த அதே நிறம். வரியின் விளிம்பு விரலில் கூராகத் தட்டுப்பட்டது. பிரஷ் நுழையாத இடத்தில் ஒளி நுழைந்துவிட்டது. தேய்ப்பது எதுவும் இல்லாததால் தேய்மானமும் இல்லை.

பல்சக்கரத்தின் அடிப்பக்கத்தில் மட்டும் போகவில்லை. ஒளி நேர்கோட்டில்தான் போகும், மூலை திரும்பாது. பார்க்க முடியாத இடத்தைத் துடைக்கவும் முடியாது. அதைக் கழற்றித்தான் செய்யவேண்டியிருந்தது. துரு தின்றுவிட்ட குழிகளும் அப்படியே இருந்தன. துருவாக மாறிய இரும்பு போனது போனதுதான், லேசர் அதைத் திருப்பித் தராது. குழி எவ்வளவு ஆழம் என்று வெட்ட வெளிச்சமாகக் காட்டும், அவ்வளவே.

சாயம் எடுப்பது கொஞ்சம் வேறு கதை. சாயத்தில் இருக்கும் பிசின் சூட்டில் சிதைந்து எரியும், நிறமியின் குணத்தைப் பொறுத்து வேகம் மாறும். கறுப்பு, அடர்ந்த நிறங்கள் சீக்கிரம் போகும். வெள்ளைச் சாயம் ஒளியைச் சிதறடிப்பதால் பிடிவாதம் பிடிக்கும். காரில் இருக்கும் கண்ணாடி மாதிரியான மேல்பூச்சு ஒளியை உள்ளே விட்டுவிடும், கீழே இருக்கும் நிறம் வெடித்துக் கிளம்பும்போது மேல்பூச்சும் சேர்ந்து பெயரும். கெட்டியாகப் பத்து அடுக்கு அடித்த கேட் என்றால் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். அந்த மாதிரி வேலைக்கு லேசரைத் தேடி அலையாதீர்கள். வீட்டுக் கேட்டுக்குக் கம்பி பிரஷும் மணல்தாளும் ஒரு டின் பிரைமரும் போதும்.

எங்கே லேசர் உண்மையிலேயே தன் பெருமையைக் காட்டுகிறது என்றால், வடிவம் மாறக்கூடாத இடங்களில். நம் ஊர்க் கித்தாவோடு தொடர்புள்ள ஒரு உதாரணம் சொல்கிறேன். டயர் வார்க்கும் அச்சுக்குள் ரப்பர் எச்சம் படிந்துகொண்டே வரும். டயரின் ஒவ்வொரு கோடும் எழுத்தும் அந்த அச்சில் செதுக்கியது, தேய்த்தால் கெடும். முன்பெல்லாம் அச்சைக் கழற்றி, ஆறவைத்து, துகள் வீசித் துடைப்பார்கள். இப்போது பல தொழிற்சாலைகளில் அச்சு பிரஸிலேயே சூடாக இருக்கும்போதே லேசரால் துடைத்துவிடுகிறார்கள். வெல்டிங்குக்கு முன் ஓரத்தைச் சுத்தம் செய்யவும், விமானத்தின் மெல்லிய தகட்டிலிருந்து சாயம் எடுக்கவும் இதே முறை பயன்படுகிறது.

இனி ஆபத்து. இதைத்தான் நான் நிறைய எழுதவேண்டும் என்று நினைத்தேன். டிக்டாக்கில் வெறுங்கண்ணோடு, சட்டை இல்லாமல், வீட்டு வாசலில் லேசர் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது.

பட்டறைக்குள் கால் வைத்ததுமே தம்பி கத்தினார்: “அண்ணே, கண்ணாடி போடாம உள்ள வராதீங்க!” ஏன் என்று கேளுங்கள். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணின் முன்பகுதி அதைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். கண்ணில் இருக்கும் லென்ஸே அதைக் குவித்து விழித்திரையில் போடும். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. வலியும் தெரியாமல் போகலாம். நேராகப் பாயவேண்டும் என்றுகூட இல்லை, இரும்பில் பட்டுத் தெறித்தாலே போதும். இந்த மெஷின்கள் நான்காம் வகுப்பு லேசர்கள், வகைப்படுத்தலில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. கைப்பிடியிலிருந்து வரும் சிவப்புப் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டும் வைத்தது. வேலை செய்யும் ஒளி அதுவல்ல.

கறுப்புக் கண்ணாடி உதவாது, வெல்டிங் கண்ணாடியையும் நம்பக்கூடாது. 1064 நானோமீட்டருக்கு என்று கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கவேண்டும். அதோடு எத்தனை மடங்கு தடுக்கும் என்ற எண்ணும் இருக்கும். அந்த எண் 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும் என்று பொருள். மெஷினின் வலிமைக்கு எந்த எண் வேண்டும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாம் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், அவற்றில் பட்டால் ஒளி எங்கே தெறிக்கும் என்று சொல்லமுடியாது. கைத்தொலைபேசியால் கிட்டத்தில் படம் எடுத்தால் அதன் கேமராவும் கெடலாம். தம்பி அந்த மூலையை நாலு பக்கமும் தகடு வைத்து அடைத்து, கதவு திறந்தால் மெஷின் நின்றுவிடும்படி செய்திருந்தார். அங்கே போனபோது எனக்கு அதைப் பார்த்துத்தான் முதலில் நம்பிக்கை வந்தது.

இரண்டாவது, புகை. துருவும் சாயமும் மாயமாக மறையவில்லை, மிக நுண்ணிய தூளாகக் காற்றில்தான் கலக்கின்றன. பழைய காலத்துத் தோட்டத்துப் பாலங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் அடியில் செம்மண் நிறத்தில் பூசியிருப்பார்களே, அது ஈயம் கலந்த பூச்சாக இருக்கலாம். பழைய மஞ்சள் சாயங்களில் ஈயமும் குரோமியமும் சேர்ந்தே இருக்கலாம். இவை மூச்சில் போனால் உடம்பில் தங்கிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் கேடு. துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து வரும் புகை காய்ச்சல் வரவைக்கும். வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே புகையை உறிஞ்சும் குழாயும், நுண்தூள் பிடிக்கும் வடிகட்டியும், முகக்கவசமும் கட்டாயம். வேலைக்கு ஆள் வைத்திருக்கும் முதலாளிக்கு இதையெல்லாம் செய்துகொடுக்கவேண்டிய கடமை 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படியே இருக்கிறது. மணல் வீச்சில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூள் உண்டு, லேசரில் அது இல்லை. அதற்காக லேசர் புகை சாம்பிராணிப் புகை ஆகிவிடாது.

அப்புறம் பெட்ரோல் டாங்கி. காலியான டாங்கிதானே என்று ஒருவர் கொண்டுவந்தாராம். தம்பி வாங்க மறுத்துவிட்டார். அவர் செய்தது முழுக்கச் சரி. காலி டாங்கிக்குள் ஆவி இருக்கும்.

கடைசியாக, நம் நாட்டுக்கே உரிய ஒரு சங்கடம். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே வெறும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும். மலேசியாவில் மாதச் சராசரியே 70 முதல் 90 சதவீதம். துரு எடுத்த இரும்பு என்பது தோல் உரித்த பழம் மாதிரி, அன்றைக்கே மூடியாகவேண்டும். சாயம் பூசுவதாக இருந்தால் சில மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிடுங்கள். மணல் வீசிய இரும்பில் சாயம் பற்றிக்கொள்ள நல்ல சொரசொரப்பு இருக்கும், லேசரில் அது குறைவு. ஆகவே கெட்டியான பூச்சு அடிக்கப்போகிறவர்கள் அந்தப் பூச்சுக்கு எவ்வளவு சொரசொரப்பு வேண்டும் என்று டின்னில் படித்துப் பார்ப்பது நல்லது.

எங்கள் ரோலர் வேலை முடிந்தபோது மணி ஐந்து. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. தம்பி தாங்கிக் கால்களுக்குப் பிரைமர் அடித்தார், நான் துணியில் எண்ணெய் தோய்த்து ஒவ்வொரு பள்ளமாகத் துடைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஐந்தடியில் (முன் தாழ்வாரத்தில்) வைத்தேன். மறுநாள் காலை கழுத்துப் பக்கம், கைப்பிடி மாட்டும் இடத்துக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு இளம்பழுப்பாக ஒரு கறை. நேற்று அந்த இடத்தில் எண்ணெய் துணி படவில்லை. மணல்தாளால் இரண்டு இழுப்பு இழுத்து, எண்ணெய் தடவிவிட்டேன்.